பின்வாசலில் நின்றவளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் நலம், என் இடது முழங்கால் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. நீயும் நலமாக இருப்பாய் என்ற நினைப்பில்தான் தொடங்குகிறேன், சளி கிளி இருந்தால் முதலில் வெந்நீர் குடித்துவிட்டு வந்து மேலே படி, கடிதம் கொஞ்சம் நீளம். மூன்று நாளாக உனக்குப் போன் செய்து, அங்கே குளிரா, இங்கே வெயில் என்று வானிலை அறிக்கை வாசித்துவிட்டு வைத்தேனே, மூன்று தடவையும் சொல்ல வந்தது இதைத்தான். வாய் வரவில்லை. முப்பத்துநாலு வருஷம் ஊரார் கடிதங்களைச் சுமந்த தபால்காரனுக்குத் தன் விஷயம் என்று வந்தால் கடிதம்தான் கைகொடுக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, குழாய்க்காரர் "இதோ வந்துட்டேன்" என்று சொல்லி ஒன்பது நாள் ஆகிறது. உன் தம்பி புது வேலைக்குக் கழுத்தில் டை கட்டிக்கொண்டு போகிறான், கட்டிவிடுவது உன் அம்மா. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஓய்வுபெற்ற தபால் ஊழியர் சங்கத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். தலைப்பு, உன்னால் முடியும். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிக்கிற கூட்டம் அது, ஆனாலும் நான் விடவில்லை. எனக்கு இது வராது, அது வராது என்று மனுஷன் தனக்குத் தானே கயிறு கட்டிக்கொள்கிறான், அதை அவிழ்த்து எறியுங்கள் என்று மேசையைத் தட்டிப் பேசினேன். கைதட்டல் பிரமாதம். ஒரு பிளாஸ்க் பரிசு கொடுத்தார்கள். அதில் சூடு நிற்கவில்லை, பேச்சுக்கு ஏற்ற பரிசுதான் என்கிறாள் உன் அம்மா.

அந்தப் பிளாஸ்கோடு வீட்டுக்குள் நுழைந்தால் அவள் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். நீ அனுப்பிய செய்தி. வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கிறவர்களைப் பார்க்கும் நர்ஸ்களுக்கு உன்னையே தலைமையாகப் போடுகிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றிருந்தது. படித்ததும் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த வரியிலேயே நீ, "வேணாம்னு எழுதிக் குடுக்கப்போறேம்மா, ரொம்ப ஆசையாத்தான் இருக்கு, ஆனா நாள் பூரா தனியா வண்டியில ஊரெல்லாம் சுத்தணும், நான்தான் எட்டு வயசுலேயே தொலஞ்சு போனவளாச்சே, மேப் போட்டாலும் அது சரியா நான் சரியான்னு நடுரோட்டுல நின்னுடுவேன்" என்று எழுதியிருக்கிறாய். கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. நான் பிளாஸ்க்கை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தொலைந்துபோன கதையை நம் வீட்டில் சொல்லாதவர் யார். உன் சித்தப்பா பிறந்தநாளுக்குத் திசைகாட்டி வாங்கிக் கொடுக்க, அதுவே உனக்குப் பட்டப்பெயராகிவிட்டது. உன் தம்பி, "அக்கா, சமையலறைக்குத் தனியாப் போயிடுவியா, கூட வரட்டுமா" என்று கேட்பான். எல்லாரும் சிரிப்போம், எல்லாரையும் விடப் பலமாகச் சிரித்தது நான். அதற்குக் காரணம் இருந்தது. இப்போது அந்தக் கதையை நடந்தது நடந்தபடி சொல்கிறேன், கேட்டுக்கொள்.

உன் பள்ளிக்கூட விளையாட்டு விழா, பெரிய மைதானம், இரண்டு வாசல். காலையில் உன்னை இறக்கிவிடும்போது "சாயங்காலம் பின்வாசல்ல நில்லு, அப்பா வந்துடுவேன்" என்று சொன்னவன் நான். மாலையில் சைக்கிளை முன்வாசலில் நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் நின்றவனும் நான்தான். மழை பிடித்துக்கொண்டது. நீ பின்வாசலில் நின்றிருக்கிறாய், எல்லாப் பிள்ளைகளும் போய், காவல்காரர் பூட்டோடு வருகிறவரைக்கும் நின்றிருக்கிறாய், அப்புறம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருக்கிறாய். நான் மைதானத்தைச் சுற்றி, கடைகடையாக விசாரித்து, ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், நீ படியில் உட்கார்ந்து காலில் இருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருக்கிறாய். தெருமுனைத் தையல்கடை திரும்பும்போதே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது, பின்வாசல் என்று சொன்னது நான்தானே என்று. ஆனால் வாசலில் பாதித் தெரு கூடி நின்றது. நான் சீருடையில் இருந்தேன். பத்து வருஷத்தில் ஒரு கடிதம்கூட இவர் கையால் வீடு மாறிப் போகவில்லை என்று அந்த மாதம்தான் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள், அது கண்ணாடிச் சட்டத்துக்குள் கூடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தையல்காரர் "என்ன சார் ஆச்சு" என்று கேட்டார். "வாசல் மாறி நின்னுட்டா சார், இவளுக்குத் திசையே தெரியல" என்றது என் வாய். வாய் என்ன வாய், நான்தான் சொன்னேன். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய், மறுபடி சேற்றைச் சுரண்ட ஆரம்பித்தாய்.

இதையெல்லாம் உன் அம்மாவிடம் முந்தாநாள் சொன்னேன். பெரிய ரகசியத்தைப் போட்டு உடைக்கிற மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவே இல்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும், தலை துவட்டும்போது அவளே சொன்னா, அப்பா பின்வாசல்னுதாம்மா சொன்னாருன்னு. அப்பா முன்னாடி சொல்லாதேன்னு நான்தான் வாயை மூடினேன். நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன், இருபத்துமூணு வருஷமா பார்த்துட்டிருக்கேன்" என்றாள். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை, என் சுபாவம் அப்படி என்றேன். "ஞாயித்துக்கிழமை எதையோ அவுத்து எறியச் சொன்னீங்களாமே" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். போகும்போது அவளுக்கும் கண் கலங்கியிருந்தது, அதையும் எழுதச் சொன்னாள். நீ எங்களுக்காக வாயை மூடிக்கொண்டாய், நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் உனக்கே உண்மை மறந்துபோய்விட்டது. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

நேற்று காலையில் அந்த மைதானத்துக்குப் போனேன். பின்வாசலில் இருந்து வீடு வரைக்கும், முழங்காலைத் திட்டிக்கொண்டே, நீ வந்த வழி எதுவாக இருக்கும் என்று நடந்து பார்த்தேன். பதினோரு திருப்பம், இரண்டு பெரிய ரோடு, நடுவில் ஒன்றுபோலவே இருக்கும் மூன்று சந்துகள். அதில் இரண்டாவது சந்தில் நான் தப்பாகத் திரும்பி ஒரு மாவு மில்லுக்குள் போய் நின்றேன், என்ன அரைக்கணும் என்று கேட்டார்கள். இத்தனையையும் நீ எட்டு வயதில், மழையில், யார் கையையும் பிடிக்காமல் கடந்து எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருக்கிறாய். உனக்கு வழி தெரியாது என்று நாங்கள் காட்டுகிற ஒரே அத்தாட்சி அந்த நாள்தான் கண்ணு. அன்றைக்கு வழி தெரிந்தவள் நீ ஒருத்திதான். என்னை மன்னித்துவிடு. எழுதிவிட்டேன் பார், பேனா ஒன்றும் உடைந்துவிடவில்லை.

உனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்றால் தாராளமாக வேண்டாம் என்று சொல், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். என் பொய்க்காக மட்டும் சொல்லாதே. தபால்காரன் தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. முப்பத்துநாலு வருஷமும் பாதி வீடுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடித்தேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி நடந்தது மட்டும்தான் என் சொந்தச் சரக்கு. நீயும் கேள். நடுரோட்டில் நிற்காமல் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுக் கேள். வண்டியில் எப்போதும் ஒரு குடையும் ஒரு பாட்டில் தண்ணீரும் இருக்கட்டும், பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விடாதே.

உன் தம்பியிடமும் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இப்போது அவன் திசைகாட்டி என்று கூப்பிடுவது என்னை. நேற்று கடைக்குக் கிளம்பும்போது கூட வரட்டுமா என்று கேட்டான். சான்றிதழைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன், அந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக இருக்கிறது, உன் புதுச் சீருடைப் படம் ஒன்று அனுப்பினால் அளவு சரியாக இருக்கும்.

நல்லா இரு தாயே, எங்கள் ஆயுசையும் சேர்த்து நீ நல்லா இரு. மாதக் கடைசிக்குள் பதில் எழுத வேண்டும், மறந்துவிடாதே. இதை இன்றைக்கே விரைவுத் தபாலில் போடுகிறேன், முகவரியை உன் அம்மா இரண்டு தடவை சரிபார்த்துவிட்டாள்.

இப்படிக்கு,
அன்றைக்கு முன்வாசலில் நின்ற
உன் அப்பா