இரண்டாவது க்ளிக்

திருவொற்றியூர் பேனர் கடையின் மை வாடை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. உன் பதினாறாம் நாளுக்குப் பேனர் அடிக்கப் போயிருந்தேன். என் போனில் இருந்த படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்த கடைக்காரர், "சொவுரு நல்லா கீதுண்ணா, ஆளுதான் இல்ல" என்றார். அவர்மேல் கோபம் வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால்தான் வந்தது.

ஊர் ஊராகச் சுற்றிப் படம் எடுத்தவன் நீ. ஒன்றிலும் நீ இல்லை. கேமராவை யார் கையிலும் கொடுக்க மாட்டாய். உன் மனைவி அதைச் சக்களத்தி என்றே சொல்வார். எண்ணூரில் பகலெல்லாம் வெல்டிங் பொறிக்கு முன்னால் உட்கார்ந்தவன், லீவு கிடைத்ததும் கூட்டாளி என்று என்னையும் இழுத்துக்கொண்டு ரயிலேறுவாய். ஃபிளாஷ் போடக் கூடாது என்று பலகை மாட்டிய இடமென்றால் உனக்குக் கொண்டாட்டம். பலகை இல்லாவிட்டாலும் போட மாட்டாய். "மூஞ்சில வெளிச்சம் அடிச்சா பேஜாரு மாமு, எனக்குத் தெரியாதா?" என்பாய். தூணில் தோளைச் சாய்த்து மூச்சடக்கி நீ அமுக்கும்வரை, பையைத் தூக்கிக்கொண்டு அலுத்துப்போய் நிற்பேன்.

குமரிப் பக்கத்து அந்தப் பழைய அரண்மனையில் என்ன தோன்றியதோ, கேமராவை என்னிடம் நீட்டினாய். சுவர் ஓவியத்துக்கு முன்னால் போய் நின்றாய். உள்ளே இருட்டு, ஃபிளாஷ் இல்லாததால் கேமரா இரண்டு நொடி கண்ணைத் திறந்து வைத்திருக்கும், அதுவரை அசையக் கூடாது என்றாய். ஜன்னல் திட்டில் வைத்து அமுக்கினேன். க்ளிக் என்றது. முடிந்தது என்று நினைத்து, "வா, போலாம்" என்றேன். உனக்குத் தெரியாததா? ஆனாலும் நான் கூப்பிட்டதும் காலை எடுத்து வைத்துவிட்டாய். அதற்குப் பிறகுதான் இரண்டாவது க்ளிக் கேட்டது. திறக்க ஒரு சத்தம், மூட ஒரு சத்தம் என்பதுகூடத் தெரியாமல்தான் இத்தனை வருஷம் உன் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

படத்தில் ஓவியம் பளிச்சென்று இருந்தது. நீ புகையாக இருந்தாய். திட்டுவாய் என்று பார்த்தேன், சிரித்தாய். இன்னொன்று எடுப்பதற்குள் பின்னால் கூட்டம் நெருக்கியது, காவலாளி நகரச் சொன்னார். "வுடு மாமு, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்றாய். அன்றிரவே அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பினாய். மூன்றே மாதத்தில் மார்வலி வந்து போய்விட்டாய்.

கடைசியில் உன் வேலை அடையாள அட்டையிலிருந்த முகத்தைத்தான் பேனரில் போட்டோம். வீட்டில் மாலை போட்டிருப்பதும் அதற்குத்தான். ஃபிளாஷ் அடித்து எடுத்த படம். நெற்றியில் வெள்ளைத் திட்டு, மிரண்ட கண். உன் மகள் வெகுநேரம் பார்த்தாள். "நைனா மாரியே இல்ல சித்தப்பா. வேற படமே நீ எடுக்கலியா?" என்று கேட்டாள்.

எடுத்தேன்மா, உள்ளே இருட்டு, சரியாக விழவில்லை என்றேன். இருட்டின்மேல் பழியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நொடி வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு அப்பாவின் முகம் மிஞ்சியிருக்கும். இதை அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கு வருமா என்று தெரியவில்லை.

அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. அதில் உனக்கு முகம் இல்லை. நான் கூப்பிட்டதற்கு வந்துகொண்டிருக்கிறாய், அது மட்டும் தெரிகிறது.