அப்பாவின் கையெழுத்து செல்லாது

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே உடம்புக்கு மூவரும் சுகம், மனசுக்குத்தான் ஒருவரும் சுகமில்லை, நீயாவது இரண்டுக்கும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் இங்கே இரண்டு பேருக்கும் பாம்புக் காது, அதனால்தான் கடிதம். நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் கைகால் ஓடவில்லை.

உன் அப்பா பஸ் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, உன் தங்கை சேர்ந்த அதே கல்லூரியில் தானும் சேர்ந்தது உனக்குத் தெரியும். "அப்பான்னு யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்று அவள் போட்ட நிபந்தனையும் தெரியும். மதிப்பெண், ஆசிரியர் பரிந்துரை, நேர்காணல் எல்லாம் தாண்டி இருவருக்கும் ஹானர்ஸ் என்கிற சிறப்புப் பட்டப் பிரிவில் இடம் கிடைத்தபோது இனி என்ன என்று இருந்தார்கள். நுழைவதைவிட முடித்து வெளியே வருவதுதான் பாடு என்று இப்போது தெரிகிறது. ஆய்வேடு எழுத வேண்டும், அதை ஒரு சக மாணவர் படித்துக் குறை சொல்லி, திருத்திய பிறகு திருப்தி என்று கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம்தான் ஆசிரியர்கள் முன்னால் வாய்மொழித் தேர்வு. யாருடையதை யார் படிப்பது என்று சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு இவர், இவருக்கு அவள். வீட்டுக்கு வந்து இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அப்பா தன் ஆய்வேட்டை அவள் கையில் கொடுக்கும் வரைதான். ஓட்டுநர்கள் ஏன் நிறுத்தம் தாண்டிப் போய் பஸ்ஸை நிறுத்துகிறார்கள் என்று எழுதியிருந்தார். "எல்லாப் பழியையும் பயணிங்க தலையிலேயே போட்டிருக்கீங்களே, ஒரு பயணியையாவது கேட்டீங்களா?" என்றாள். "முப்பது வருஷம் கண்ணாடியில பாத்தவன் நான், கேக்கணுமாக்கும்" என்றார். "அப்ப கண்ணாடிகிட்டயே கையெழுத்து வாங்கிக்கோங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். பெற்ற மகளா இப்படி என்று திகைத்துப் போனேன். அவர் அவளுடையதை வாங்கிய வாரமே ஒரு வார்த்தை சொல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்.

நான் சும்மா இருந்திருக்கலாம், இருக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் கல்லூரிக்குப் போனேன். ஹானர்ஸ் பொறுப்பாளர் அம்மாவின் அறை வாசலில் காத்திருந்தபோது உன் அப்பா நடையில் போனார், பின்னாலேயே உன் தங்கை. "அண்ணே, கிளாஸுக்கு நேரமாச்சு, சீக்கிரம் நடங்க" என்கிறாள். பெற்ற அப்பனை அண்ணே! அவரும் "இதோ வர்றேம்மா" என்கிறார். தலை சுற்றிவிட்டது. அதே சுற்றலோடு உள்ளே போய், "அப்பாவுக்கும் பொண்ணுக்கும் இந்தச் சண்டை வேணாம்மா, படிக்க வேற ஆளை மாத்திக் குடுங்க" என்றேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எந்த அப்பா, எந்தப் பொண்ணு?" என்றார். சொந்தக்காரர் கையெழுத்து செல்லாதாம். அந்த விதி ஆசிரியர்களுக்கு மட்டும் என்று இவர்கள் இருவரும் நினைத்திருந்தார்களாம். அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, அவள்தான் அவருக்குக் கையெழுத்தே போடவில்லையே. அவர் அவளுக்குப் போட்டதுதான் செல்லாமல் போனது. வெள்ளிக்கிழமைக்குள் வேறொருவர் படித்துக் கையெழுத்துப் போடாவிட்டால் அவளுக்குச் சாதாரணப் பட்டம்தான், அவள் ஆசைப்பட்ட மேற்படிப்புக்கு ஹானர்ஸ் இல்லாமல் எடுக்கவே மாட்டார்கள். நல்லது செய்யப் போய் பெற்ற மகள் காலை வாரிவிட்டு வந்தேன், நீயே நினைத்துப் பார்.

இருவர் ஆய்வேடுகளும் புதிய ஆட்களிடம் போயின. அப்பாவுடையதைப் படித்தவரும் பயணிகளைக் கேட்டீர்களா என்றுதான் கேட்டாராம், இப்போது இவர் காலையில் நிறுத்தத்தில் நின்று பயணிகளிடம் திட்டு வாங்கிக்கொண்டு வருகிறார். உன் தங்கையுடையது ஒரு புள்ளியியல் மாணவிக்குப் போய் மறுநாளே திரும்பி வந்தது. மருத்துவமனைச் சலவைக்கூடத்துப் பெண்களின் முதுகுவலி பற்றி எழுதியவள், பகல் ஷிப்டுக்காரர்களை மட்டும் பார்த்துவிட்டு எல்லோருக்கும் இப்படித்தான் என்று முடித்திருக்கிறாளாம். அவள் கத்தவில்லை. நேராக அப்பாவிடம் போய், "நீங்க இதை முழுசா படிச்சீங்களா?" என்றாள். படித்தேன் என்றார். "இந்தத் தப்பு தெரியலையா?" என்றாள். "தெரிஞ்சுது" என்றார். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "கண்ணைக் கெடுத்துக்கிட்டு எழுதின புள்ளை, எப்படிம்மா தப்புன்னு கோடு போடறது" என்றார். "அந்தப் பொண்ணு என்னை யாருன்னே தெரியாதவ, அவ சொல்றா. நீங்க சொல்லலையே" என்றாள்.

இரவு ஷிப்டு முடிந்து வருகிற பெண்களை மருத்துவமனை வாசலில் பிடித்துப் பேசி, பின்பாதி முழுவதையும் மாற்றி எழுதிவிட்டாள். நாளை அந்த மாணவியிடம் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால், சற்று முன் அதைக் கொண்டுவந்து ஒரு பென்சிலோடு அப்பா முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலேயே ஒரு கோடு போட்டார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கோடு விழுகிறது, கேட்கிற எனக்குத்தான் பகீரென்கிறது, அவள் அசையவில்லை, அவரும் நிமிரவில்லை.

நீ நீண்ட ஆயுளோடு, செய்கிற வேலையில் நல்ல பெயரோடு இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. வெள்ளிக்கிழமைக்குள் தங்கை உனக்கும் அனுப்பினால், நன்றாகத்தான் எழுதியிருப்பாய் என்று படிக்காமலே சொல்லிவிடாதே.

என்றும் உன் நினைவோடு,
அம்மா