ஒளித்துவைத்த இன்ஹேலர்

அக்கா,

இன்று வேலை முடிந்து வரும்போது சந்தாபுரா சர்க்கிளில் ஒருவர் தள்ளுவண்டியில் தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்தார். பார்த்ததும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பாவம், அந்தப் பழம் என்ன செய்யும்? நிஜத் தர்பூசணிக்கு அவ்வளவு வாசனையே கிடையாது. உன் மகளின் யூனிஃபார்ம் பாக்கெட்டில் அடித்ததே, அது வேறு தர்பூசணி.

நாலைந்து மாதம் முன்னால் அவள் துணியைத் துவைக்க எடுத்தபோது கிடைத்தது. பச்சை நிறத்தில் பளபளவென்று விரல் நீளத்துக்கு ஒரு குச்சி. "ஹைலைட்டர், சித்தி" என்றாள் நிவேதா. மூடியைக் கழற்றப் பார்த்தேன், மூடியே இல்லை. மூக்கருகே கொண்டுபோனால் மிட்டாய்க் கடைத் தர்பூசணி வாசனை. மறுநாள் கம்பெனியில், பேக்கிங்கில் என் பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் போட்டோவைக் காட்டினேன். அவள்தான் சொன்னாள், இது வேப், சிகரெட்டுக்கு அக்கா தங்கச்சி என்று. விற்கவே கூடாதென்று தடை போட்ட சாமானாம். பிளஸ் டூ வயதில் பி.யு.சி. படிக்கிற பிள்ளைகள் எங்கிருந்தோ வாங்கிவந்து, காலேஜ் பாத்ரூமில் கூடி நின்று மாற்றி மாற்றி இழுக்கிறார்களாம்.

உனக்கிருந்த அதே இளைப்பு அவளுக்கும் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. அந்த நெஞ்சுக்குள் இந்தப் புகையா? இன்ஹேலர் எங்கே என்று கேட்டேன். போய்ப் பீரோவைத் திறந்து, உன் புடவைகளுக்கு நடுவிலிருந்து எடுத்துத் தந்தாள்.

நீயும் அங்கேதானே வைப்பாய். உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜி தின்றுகொண்டிருக்கும்போது பாத்ரூமுக்குள் போய் உறிஞ்சிவிட்டு வந்தாய். உன் முகம் சிவந்திருந்ததைப் பார்த்து, பொண்ணுக்கு ரொம்ப வெட்கம் என்று அந்தம்மா சிரித்தார். அதைச் சொல்லிச் சொல்லி நாம் எத்தனை வருடம் சிரித்திருப்போம். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, மாமாவுக்கு எல்லாம் தெரிந்த பிறகும் நீ வெளியே எடுக்கவில்லை. "அடிக்கடி போட்டா பழகிடும்டி. நோயாளின்னு வேற பாப்பாங்க" என்பாய். ஓசூர் கல்யாணத்துக்கு அதைக் கொண்டுவரவே இல்லை. பர்ஸ் சின்னது என்றாய். ஹோமப் புகையில் இழுப்பு வந்து, ஆம்புலன்ஸ் வருவதற்குள் உனக்குப் பேச்சு நின்றுவிட்டது. நீ போய் இரண்டு வருடமாகிறது, எனக்கு உன்மேல் இன்னும் கோபம்தான்.

அந்தக் கோபத்தையெல்லாம் உன் மகள்மேல் கொட்டினேன். உங்கம்மாவைப் பார்த்தும் புத்தி வரவில்லையா என்று கத்தினேன். அவள் அழவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

"அதை எல்லாரும் சேந்து இழுக்கறோம், சித்தி. இன்ஹேலரை எடுத்தா நான் மட்டும் பாவம்னு பாக்கறாங்க."

வேலையிலிருந்த மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

மாமா மகளைத் திட்டவில்லை. ஷிஃப்டை மாற்றிக்கொண்டு எங்களுடன் டாக்டரிடம் வந்தார். டாக்டர் கன்னடக்கார அம்மா, எங்களுக்காகத் தமிழில் பேசினார். இன்ஹேலர் பழகாது, அதைப் போட்டால்தான் மூச்சுக்குழாய் விரியும் என்றார். பழகுவது அந்தக் குச்சிதான், அதற்குள் நிகோடின் இருக்கிறது, ஏற்கெனவே வீங்கிய குழாயை அது இன்னும் புண்ணாக்கும் என்றார். பிறகு நிவேதாவைப் பார்த்து, கிளாஸில் உட்கார்ந்திருக்கும்போதும் கை அதைத் தேடுகிறதா என்று கேட்டார். அப்போதுதான் உடைந்து அழுதாள்.

சொன்னதும் விட்டுவிட்டாள் என்று நினைக்காதே. தலைவலி என்றாள், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள், என்னிடம் எரிந்து எரிந்து விழுந்தாள். நடுவில் ஒருநாள் தோழியிடம் வாங்கி இழுத்துவிட்டு, அவளாகவே வந்து சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரியுமே உனக்கு, அது எவ்வளவு பெரிய காரியம்! மறுபடியும் டாக்டரிடம் போனோம்.

போன வாரம் பொம்மசந்திரா மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் அவளுக்காக நின்றிருந்தேன். தோழிகளோடு படியிறங்கி வந்தாள். ரோட்டுப் புழுதிக்கு இருமல் வந்தது. பைக்குள் கைவிட்டு இன்ஹேலரை எடுத்தாள். கிண்டலாக ஒருத்தி, "ஏய், இது என்ன ஃப்ளேவர்?" என்றாள். நிவேதாவால் உடனே பேச முடியவில்லை, மருந்தை உறிஞ்சி மூச்சை அடக்கியிருந்தாள். கூட்டம் எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.

மூச்சை மெல்ல விட்டுவிட்டுச் சொன்னாள்: "மருந்து. எனக்கு ஆஸ்துமா. எங்கம்மா இதை வெளிய எடுக்க வெக்கப்பட்டே செத்துட்டாங்க. நான் எடுப்பேன்."

யாரும் சிரிக்கவில்லை. கேட்ட பெண்ணே அவள் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

அக்கா, உன்னை நினைத்தாலே ஆம்புலன்ஸில் என் கையை நீ இறுக்கிப் பிடித்திருந்ததுதான் முதலில் வரும். இப்போதெல்லாம் அதற்கு முன்னால் உன் மகள் வந்து நிற்கிறாள், நடுரோட்டில், அத்தனை பேர் பார்க்க, நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு.