அரப்பு போட்டுக் கழுவிய லாரி

பாய்,

லாரியின் தரைக்கு அடித்த பெயின்ட் காய்வதற்கு முன்னால் அதை உங்கள் கையில் கொடுத்து, பலாக்காய் ஏற்றி மலையிறங்கச் சொன்னது தப்பு. சொன்னவர் உங்கள் தம்பி. அதற்கப்புறம் நடந்ததற்கெல்லாம் உங்கள் காதைக் காரணமாகச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. அதைச் சொன்னவரும் அவரேதான். நீங்கள் இருந்த வரைக்கும் என் வாயைக் கட்டிவைத்திருந்தீர்கள். கட்டியவர் இப்போது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

இன்று காலை மருமகள் தலைக்குக் குளிக்க அரப்பைக் கரைத்துவைத்தாள். அந்தப் பச்சை வாசனை களம் வரைக்கும் வந்தது. ஊட்டில் மற்றவர்களுக்கு அது வெள்ளிக்கிழமை வாசனை. எனக்கு மட்டும் லாரி வாசனை. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நீங்களும் தம்பியும் சேர்ந்து வாங்கிய, இன்ஜின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மூக்கு வைத்த லாரி, நான் பார்க்கத் தொடங்கிய நாளிலேயே கிழடு. அடிவாரத்தில் தம்பி வியாபாரம் பார்ப்பார்; நீங்கள் வண்டி ஓட்டுவீர்கள். மலைமேல் தேவனூர் நாட்டில் எங்கள் தோட்டத்துப் பலாவும் மிளகும் உங்கள் வண்டியில்தான் இறங்கும். என் காய்க்கு மண்டியில் என்ன விலை சொல்கிறார்கள் என்று நானே கேட்க வேண்டும் என்றுதான் முதலில் உங்கள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். யாரையும் நம்பாதவன் என்று எனக்குப் பேர். அந்தப் பேர் இன்னும் போகவில்லை.

உள்ளே உட்கார்ந்தால் பேச முடியாது. கியர்பாக்ஸ் நம் காலுக்கடியில் கிடந்து கத்தும். தரைத் தகடு அதற்கு மேல் கத்தும். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் சொல்ல வேண்டும். நம் மலை ரோட்டில் அது வெறும் தொந்தரவு மட்டும் இல்லை. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் ஹாரன் அடித்துவிட்டு, கீழிருந்து பதில் ஹாரன் வருகிறதா என்று கேட்க வேண்டும். வந்தால் இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும், ஏறுகிற வண்டி போக வேண்டும். உங்களுக்கு ஹாரன் அடிக்கத் தெரியும். பதில் கேட்காது.

ஒரு வளைவில் எனக்குப் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. உங்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கத்தினேன், அதுவும் கேட்கவில்லை. உங்கள் தொடையில் ஓங்கித் தட்டினேன். பிரேக்கை மிதித்தீர்கள். பஸ் மேலே போன பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, "ஏனுங்ணா, கொசு அடிச்சீங்களா?" என்றீர்கள்.

அன்றிலிருந்து அதுவே நம் வழக்கமாகிவிட்டது. பஸ் லாரி என்றால் இரண்டு தட்டு, சின்ன வண்டி என்றால் ஒன்று. "கை என்னுது, காது உங்குளுது. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு லைசென்ஸ் போதும்" என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொல்வீர்கள்.

ஆனால் உங்களுக்குக் காது கேட்காது என்று நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். வண்டியை விட்டு இறங்கினால் உங்களைப் போலக் கேட்கிறவர் யாரும் இல்லை. டீக்கடையின் கடைசி பெஞ்சில் ஒருவன் என்னைப் பற்றி வாய்க்குள் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, "ஏஞ்சாமி, கஞ்சன்னு மெதுவாச் சொன்னா அவருக்குக் கோவம் வராதா?" என்று கேட்டது நீங்கள்தானே. கெட்டுப்போயிருந்தது உங்கள் காது இல்லை. அந்த வண்டியின் தரை.

அதைச் சரி செய்யலாம் என்று சொன்னது நான். சேலத்தில் ஒரு கார் டிங்கர் கடை வாசலில் அரைநாள் நின்று பார்த்துக் கற்றது. காரின் தரையில் தார் பூசிய தடித்த ஷீட்டைச் சூடு காட்டி ஒட்டினார்கள். ஒட்டுவதற்கு முன்னால் தகட்டை விரலால் தட்டினால் டங்கென்றது. ஒட்டிய பிறகு தட்டினால் பலகையைத் தட்டியது போல இருந்தது. கடைக்காரர் ஒரு துண்டு ஷீட்டைச் சும்மா கொடுத்து, "ஒட்டறது ஒண்ணுமில்லீங்க, தரையத் தயார் பண்றதுதான் வேலை" என்றார். அதை அப்படியே உங்களிடம் வந்து சொன்னேன். "எங்க தம்பி செலவுன்னா மூஞ்சியத் தூக்குவான்" என்றீர்கள். "தூக்கட்டும், எறக்கறதுக்கு நான் வாரேன்" என்றேன்.

இரண்டாயிரம் பிறப்பதற்கு முந்தின கோடை அது. லாரியை என் களத்தில் நிறுத்தினோம். சீட்டைக் கழற்றினோம். ரப்பர் மேட்டை உரித்தோம். அதற்கு அடியில், ஓட்டைகளை மறைக்க நீங்கள் வருஷக்கணக்காகப் போட்டுவைத்த சாக்கும் பலகையும். பலாப்பால் ஊறி ஊறிச் சாக்கெல்லாம் தோல் மாதிரி இறுகிப்போயிருந்தது. கடப்பாரை போட்டுத்தான் எடுக்க முடிந்தது. கிளட்ச் ஓரத்து மண்ணில் ஒரு பலாக்கொட்டை வெளுத்துப்போய் முளை விட்டிருந்தது. "வண்டிக்குள்ளயே தோட்டம் போட்ட மொத ஆளு நாந்தான்" என்று அதை எடுத்துப்போய் வேலியோரம் நட்டீர்கள். மறுநாளே ஆடு தின்றுவிட்டது.

கம்பி பிரஷ் போட்டுத் துருவைத் தேய்த்தோம். வாயில் துண்டைக் கட்டியும் எச்சில் செம்மண் நிறத்தில் வந்தது. தொழுகை நேரம் வந்தால் கைகால் கழுவிவிட்டு நீங்கள் மிளகுக்கொடி நிழலுக்குப் போவீர்கள். நான் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் சத்தம் போடத் தோன்றாது. டிங்கர் வந்து ஓட்டைகளுக்கு ஒட்டுத்தகடு வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலையில் நான் எழுந்து வருவதற்குள் நீங்கள் தரை முழுக்கப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தீர்கள். டீசல் போட்டு. டிரைவர்களுக்கு டீசல்தான் சோப்பு; கை கழுவவும் அதுதான், கண்ணாடி துடைக்கவும் அதுதான். கடைக்காரர் கொடுத்த துண்டைச் சூடுகாட்டி ஒட்டிப் பார்த்தேன். கல்லிலிருந்து தோசை கழன்று வருவது போல வந்தது.

"என்ன வேல பாத்து வெச்சிருக்கீங்க பாய்? எண்ணெய் மேல எது ஒட்டும்?"

"பளபளன்னு இருக்குதுல்லங்ணா?"

"பொண்ணு பாக்கவா வாராங்க?"

கழன்று வந்த துண்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தீர்கள். பிறகு நீங்கள்தான் தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள்: "தலையில எண்ணெய் வெச்சா உங்க ஊட்டுல எதப் போட்டு எடுப்பாங்க?"

அப்படித்தான் ஒரு லாரிக்கு அரப்பு போட்டுக் குளிப்பாட்டினோம். என் சம்சாரம் அப்போது இருந்தாள். ஒரு முறம் அரப்பைக் கொண்டுவந்து வைத்து, "சிகைக்காயும் வேணுமாங்க, இல்ல சாம்பிராணி போட்டாப் போதுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நீங்கள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. நுரை வடிய வடிய ஊற்றிக் கழுவினோம். விரலால் தேய்த்தால் கீச்சென்று சத்தம் வந்தது. அதுதான் எண்ணெய் போனதற்கு அடையாளம். வெயிலில் நன்றாகக் காயவைத்து, துரு பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்ஸைடு பெயின்ட்டைக் கனமாக அடித்தோம். எல்லாம் முறையாக நடந்தது. ஒரு இடத்திலும் நாம் அவசரப்படவில்லை.

மறுநாள் ஷீட் வாங்க நான் சேலம் கிளம்பினேன். போகும்போது உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "பெயின்டு காயட்டும். நான் வார வரைக்கும் சாவியத் தொடாதீங்க."

நான் போன பிறகு உங்கள் தம்பி மேலே வந்திருக்கிறார். காய் பழுத்துவிடும், மண்டிக்காரனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். சீட்டை மட்டும் மாட்டி, சாக்கில்லாமல், பலகையில்லாமல், மேட்டில்லாமல், வெறும் தகட்டோடு உங்களை ஏற்றிவிட்டிருக்கிறார். பழைய சாக்கு எவ்வளவு சத்தத்தை விழுங்கிக்கொண்டிருந்தது என்று அதை எடுத்த பிறகுதான் தெரியும். பக்கத்தில் தட்ட ஆளும் இல்லை. தம்பி பைக்கில் முன்னால் போய்விட்டார்.

நான் பஸ்ஸில் ஏறி வந்துகொண்டிருந்தேன். மடியில் சுருட்டிய ஷீட். பாதி மலையில் ஒரு வளைவுக்கு முன்னால் பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். மேலிருந்து ஒரு லாரியின் சத்தம் இறங்கியது. எந்த லாரியென்று எனக்குத் தெரியாதா? காலி டின்னுக்குள் கல்லைப் போட்டு உருட்டுவது போலக் கேட்டது. என் வலது கை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தொடையில் இரண்டு தட்டுத் தட்டியது. அதற்குப் பிறகுதான், "நிறுத்துங்க, நிறுத்துங்க, அவுருக்குக் கேக்காது" என்று எழுந்து கத்தினேன்.

அந்த வார்த்தையை முதலில் சொன்னது என் வாய்தான். ஆனால் நான் சொன்னதன் அர்த்தம் வேறு, மற்றவர்கள் எடுத்துக்கொண்டது வேறு.

பஸ் நின்றது. நீங்கள் வளைவில் திரும்பினீர்கள், பார்த்தீர்கள், மலைப்பக்கத்து வாய்க்காலில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினீர்கள். பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கம் திருப்பியது உங்கள் கை. பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒருவருக்கும் கீறல் இல்லை. பலாக்காய் மட்டும் ரோட்டில் உருண்டு போயிற்று.

பஸ் டிரைவர் இறங்கி வந்தார். "ஏய்யா, ஹாரன் அடிச்சது காதுல உழுவலையா? செவிடா நீயி?"

நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். நான் வாயைத் திறந்தேன். பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்த உங்கள் தம்பி எனக்கு முன்னால் பேசிவிட்டார்: "மன்னிச்சுக்குங்க. அண்ணனுக்குக் கொஞ்ச நாளாவே காது சரியில்ல. நாந்தான் கவனிக்காம உட்டுட்டேன்."

என்ன ஒரு நல்ல தம்பி என்று கூட்டம் பார்த்தது. நீங்கள் என் பக்கம் திரும்பி, "உட்டுடுங்ணா. ஒரே வயித்துல பொறந்தவன்" என்றீர்கள். மெதுவாகத்தான் சொன்னீர்கள். எனக்குக் கேட்டது. அன்றைக்கு விட்டதுதான் இத்தனை வருஷமும்.

உங்கள் கையை விட்டுச் சாவி போயிற்று. கூலிக்கு வந்த டிரைவர் தரையில் ஒரு ரப்பர் மேட்டை விரித்து வண்டியை ஓட்டினான். உங்களைத் தம்பியின் கடையில் தராசுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அடிவாரமே உங்களிடம் கத்திப் பேச ஆரம்பித்தது. டீக்கடைக்காரர்கூட, "பாய், சக்கரையா, இல்லாமயா?" என்று ரோட்டுக்கே கேட்கிற மாதிரிக் கேட்பார். முதலில் சிரித்தீர்கள். பிறகு கோபித்தீர்கள். பிறகு காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொள்ளப் பழகினீர்கள். நான் மட்டும் சாதாரணமாகப் பேசுவேன், நீங்களும் சாதாரணமாகப் பதில் சொல்வீர்கள். கடைசியாகப் பார்த்த அன்றைக்கு, "மழ எப்பிடி பாய் இங்க?" என்று கேட்டேன். "என்னுங்ணா?" என்று கையைக் காதுக்குக் கொண்டுபோனீர்கள். உண்மையிலேயே கேட்கவில்லையா, இல்லை அவர்கள் சொன்னதை நீங்களும் நம்பிவிட்டீர்களா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன்.

போன வாரம் உங்கள் நாற்பதாம் நாள் பாத்திஹா. ஊட்டு முழுக்க ஆட்கள். பந்தியில் உங்கள் தம்பி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "காது போயிருச்சு அவருக்கு. ஒரு பஸ்ஸு ஆளுங்களையே கொல்லப் பாத்தாரு. நல்லவேளை, அன்னிக்கே சாவிய வாங்கிட்டேன்." உங்கள் மகனும் அங்கேதான் நின்று பரிமாறிக்கொண்டிருந்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் சாப்பிடாமல் எழுந்தேன். கொல்லையில் லாரி நிற்கிறது, இரண்டு வருஷமாக ஓடவில்லை. ஏறினேன். ரப்பர் மேட்டைத் தூக்கினேன். ரெட் ஆக்ஸைடு அப்படியே இருந்தது. அதில் கிளட்ச்சுக்கு முன்னால் ஒன்று, பிரேக்குக்கு முன்னால் ஒன்று, உங்கள் வெறுங்கால் தடம். விரல் ஐந்தும் தெரிகிறது. ஈரப் பெயின்ட்டில் மிதித்தது. காய்ந்த தரையில் அப்படிப் பதியாது. வண்டி தயாராவதற்கு முன்னால் உங்களை ஏற்றினார்கள் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

அதனால் இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். நீங்கள் குறுக்கே பேச முடியாது.

உங்கள் தம்பி அந்த லாரியில் ஏறி, மேட்டைத் தூக்கி, அந்தத் தடத்தைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு டீக்கடைக்கு வந்து, எல்லோரிடமும், அடிவாரம் உங்களிடம் கத்திய அதே சத்தத்தில், அண்ணன் காதில் குற்றமில்லை, நான்தான் அவசரப்பட்டு ஏற்றிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அந்தப் பஸ் டிரைவர் ரிட்டயர் ஆகி அடிவாரத்தில்தான் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டு உட்காரவைப்பது என் வேலை. அவர் மன்னிப்புக் கேட்க வேண்டாம், காதில் வாங்கினால் போதும்.

உங்கள் மகன் லாரியை ஓட வைத்து, சரக்கு ஏற்றாமல், என் களத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவன் பக்கத்தில் நான் உட்காருவேன். பழைய ஷீட் என் பரணில் உருகி ஒரே கட்டியாகக் கிடக்கிறது, உதவாது. புதிதாக வாங்க வேண்டும். அதை உங்கள் தம்பிதான் வாங்க வேண்டும், மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில்தான் வர வேண்டும். மருமகள் ஒரு முறம் அரப்பு கொடுக்க வேண்டும். தரைக்குப் பக்கத்தில் ஒருவரும் டீசலைக் கொண்டுவரக் கூடாது.

பழைய பெயின்டைத் தேய்த்து எடுக்காமல் ஷீட் ஒட்டினால் நிற்காது. அந்த இரண்டு தடத்தையும் தேய்த்துத்தான் ஆக வேண்டும். அதை நான் தேய்ப்பேன். வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. நம் மலைப் பஸ்ஸில் என் வலப்பக்கம் வந்து உட்காருகிறவர்கள் யாராக இருந்தாலும் கோபித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். வளைவில் ஹாரன் கேட்டால் என் கை அவர்கள் தொடையில் இரண்டு தட்டுத் தட்டிவிடுகிறது. அது அவர்களுக்கு இல்லை.