எடை பார்க்கும் வரை

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் சின்னவனும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே சௌக்கியம் என்று எழுத மனம் வரவில்லை. அந்த வரியை விட்டுவிட்டேன்.

விசாரணை முடிகிறவரை போன் பண்ணாதே என்று நீ சொன்னதால்தான் எழுதுகிறேன். என் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். பொறுத்துப் படி.

நம் பிள்ளை கட்டெறும்பின் பை வந்து சேர்ந்தது. மல்யுத்த உடுப்பு சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, இரண்டும் மடிப்புக் கலையாமல் இருந்தன. அவள் என்றைக்குத் துணி மடித்தாள்? சுருட்டித் திணிக்கிறவள்தானே. யாரோ மடித்து வைத்திருக்கிறார்கள். நீயாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடியில் ஒரு பிளாஸ்டிக் கோட்டு இருந்தது. மழைக்கோட்டு என்றுதான் நினைத்தேன். உள்ளே அவள் வியர்வை வாசனை. ஆஸ்பத்திரித் துணியெல்லாம் துவைத்துப் போடுகிற எனக்கு அதை மட்டும் தண்ணீரில் போட முடியவில்லை. அப்படியே வைத்திருக்கிறேன்.

நேற்று உன் ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். நாற்காலியில் உட்காரவில்லை. ஒரு காகிதம் கொடுத்தார். நம் பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே மயக்கம் வருமாம், நெஞ்சு பலவீனமாம், அதை நான் மறைத்து அனுப்பினேனாம். கீழே என் கையெழுத்துக்குக் கோடு போட்டிருக்கிறது. அவளுக்கா மயக்கம்? மதில் மேலிருந்து விழுந்து எழுந்து, தள்ளிவிட்ட பையனைத் துரத்திக் கடித்தவளுக்கு? கட்டெறும்பு என்ற பெயர் அன்றைக்கு நீ வைத்ததுதானே?

அணியோடு அரசாங்கம் அனுப்புகிற அதிகாரி இந்த முறை நீதான் என்று தெரிந்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதி. தாய்மாமனே கூட இருக்கிறான், பிறகென்ன என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். விமான நிலைய வாசலில் நீ அவளிடம், "அங்க மாமான்னு கூப்பிடக் கூடாது, சார்னுதான் கூப்பிடணும். சொந்தக்காரப் பொண்ணுன்னு பேச்சு வரும்" என்றாய். அவள் விறைப்பாக நின்று சல்யூட் அடித்து, "உத்தரவு, மாமா சார்!" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். "மாமா சொல்றதைக் கேட்டு நட" என்று சொல்லி அனுப்பினேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். கடைசியில் அவள் உன்னிடம் என்ன கேட்டாள்?

உன் அக்கா

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலைக்குப் போகாமல் கொஞ்ச நாள் படுத்திருந்தால் என்ன? நான் சொல்லி நீ எப்போது கேட்டாய்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். வெளிநாட்டுப் போட்டிக்கு யார் போகலாம், எந்த எடைப் பிரிவில் மோதலாம் என்பதற்கெல்லாம் அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டும். நம் பிள்ளைக்கு ஒப்புதல் வந்தது ஐம்பது கிலோ பிரிவுக்கு. ஒப்புதல் வருவதற்குள் அவள் வளர்ந்துவிட்டாள், ஐந்து கிலோ ஏறிவிட்டது. பிரிவை மாற்ற வேண்டுமானால் ஃபைல் மறுபடி மேலே போக வேண்டும். போனால் அவள் பெயரே அடிபட்டுப்போகும். அதனால்தான் கோச்சிடம், "ஃபைலைக் கிளறாதீங்க, எடையைக் குறைச்சுக்கலாம்" என்றேன். எல்லா நாட்டிலும் செய்வதுதான். அவள் நன்மைக்குத்தான் செய்தேன் என்று உனக்குத் தெரியாதா?

இப்போது சர்வதேசச் சங்கம் விசாரிக்கிறது. பிரிவை முடிவு செய்தது நம் மல்யுத்தச் சங்கமா, அரசாங்கமா என்று கேட்கிறார்கள். அரசாங்கம் உள்ளே தலையிட்டது என்று தெரிந்தால் நாட்டையே தடை செய்துவிடுவார்கள். பிறகு ஒரு பிள்ளையும் நம் கொடியோடு போக முடியாது. அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்தாளே நெட்டை, அவளும்தான். நீ கையெழுத்துப் போட்டால் இதோடு முடிந்துவிடும். போனவள் திரும்பப் போவதில்லை. இருக்கிற பிள்ளைகளை யோசி.

படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

அன்புள்ள தம்பி

ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நீ சொன்னதை நான் கேட்பதில்லை என்று இனிமேல் சொல்லாதே.

வேலைக்குப் போகிறேன். வீட்டில் இருந்தால் சுவர் என்னையே பார்க்கிறது. சலவைக்கூடத்தில் மூட்டைகளை எடை போடுகிற மிஷின் உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கட்டெறும்பு அதில் ஏறி நின்று, "அம்மா, நான் எத்தனை போர்வை?" என்று கேட்பாள். இப்போது மூட்டையை அதில் தூக்கிப் போட்டுவிட்டு முள்ளைப் பார்க்காமல் திரும்பிக்கொள்கிறேன். ஈரத் துணி கனமாக இருந்தால் பிழிந்து போடு என்பார் மேஸ்திரி. பிழிந்தால் எடை குறையும். துணிக்குத் தாகம் எடுக்காது.

சின்னவன் நாய்க்குப் பயப்படுகிறானாமே, உன் வீட்டுக்காரி சொன்னாள். அப்படியே உன்னைக் கொண்டிருக்கிறான். நாய் குரைத்தால் நீ என் பாவாடைக்குள் நுழைந்துகொள்வாயே. உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடித்தான் என் இடுப்பு இன்றைக்கும் வலிக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஞாபகம் வந்தது, எழுதினேன்.

தடை, சங்கம், எல்லாம் எழுதினாய். நான் கேட்ட ஒன்றுக்குப் பதில் எழுதவில்லை. நேராகவே கேட்கிறேன். என் பிள்ளை தண்ணீர் கேட்டாளா? நீ என்ன சொன்னாய்?

உள்ளதை எழுது. எழுதினால் நீ காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். இது சத்தியம்.

உன் அக்கா

ஜூன் 27

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீ இல்லாவிட்டால் நான் ஏது? அது எனக்கு மறக்குமா?

கேட்டதால் சொல்கிறேன். அவள் தண்ணீர் கேட்கவில்லை அக்கா. எதுவுமே கேட்கவில்லை. உற்சாகமாகத்தான் இருந்தாள். நான் அறைக்குப் போய்ப் பார்த்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அம்மாகிட்ட ஜெயிச்சிட்டு வர்றேன்னு சொல்லுங்க" என்றாள். எடை பார்க்கக் கூப்பிடப் போனபோது தூங்குகிற மாதிரி இருந்தது. கஷ்டமே படவில்லை. இதை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்.

விசாரணைக் குழு இன்னும் இரண்டு வாரத்தில் கூடுகிறது. அதற்குள் காகிதம் வர வேண்டும். என் வேலை மட்டும் இல்லை, இந்த வீடே அதில் தொங்குகிறது. சின்னவன் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

உன் தம்பி

ஜூலை 4

மதிப்புக்குரிய சார் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இதையும் கிழித்துவிட்டேன், பயப்பட வேண்டாம். எனக்குக் காகிதம் தேவையில்லை.

உடுப்புகளை மடித்தது யார் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தேன். நீங்கள் இல்லை. நெட்டை. பையைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தான். உங்களுக்கு நான் ஒரு வரி எழுதுவதற்கு முன்பே வந்தாள். என் மடியில் படுத்துக்கொண்டு எல்லாம் சொன்னாள். வியர்த்து எடை குறையட்டும் என்று கட்டெறும்புக்கு அந்தப் பிளாஸ்டிக் கோட்டை மாட்டிவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறைக்குள் உட்கார வைத்ததைச் சொன்னாள். வாய் கொப்பளிக்கக்கூட விடாமல் தண்ணீர் பாட்டில் எல்லாம் உங்கள் அறையில் பூட்டியிருந்ததைச் சொன்னாள். பிள்ளை சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய் உங்கள் கதவைத் தட்டி, "மாமா, ஒரு வாய் தண்ணி" என்று கேட்டதைச் சொன்னாள்.

நீங்கள் கதவைத் திறக்காமலே பதில் சொன்னீர்களாம். "எடை பார்த்து முடியட்டும். இங்க மாமா கிடையாது, சார்."

"சரி சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாளாம். நான்தானே சொல்லி அனுப்பினேன், கேட்டு நட என்று.

எல்லாம் தெரிந்துதான் உங்களைக் கேட்டேன். "அக்கா, கேட்டாள், நான் கொடுக்கவில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தால் சத்தியம் செய்தபடி கையெழுத்துப் போட்டிருப்பேன். பெற்ற பிள்ளைக்குத் துரோகம் செய்து, வளர்த்த பிள்ளையைக் காப்பாற்றியிருப்பேன். அதற்கும் தயாராகத்தான் இருந்தேன். நீங்களோ அவள் சிரித்தாள் என்று எழுதினீர்கள். உதடு வெடித்துப் போனவள் எப்படிச் சிரிப்பாள்? குளிப்பாட்டியது நான். அந்த உதட்டைப் பார்த்தது நான்.

அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. விசாரணைக்கு நானும் நெட்டையும் நேரில் வருகிறோம். தடை போட்டால் அவளும் போக முடியாதே என்று கேட்டுப் பார்த்தேன். "போகலைன்னா போகலை அம்மா, உயிரோட இருப்பேன்ல" என்கிறாள். போகிற பஸ்ஸில் அவள் குடிக்க இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்து வைத்திருக்கிறேன்.

உள்ளே எங்களைப் பார்த்தால் எழுந்திருக்க வேண்டாம். அக்கா என்று கூப்பிடவும் வேண்டாம். சொந்தக்காரி என்று பேச்சு வரும்.

சின்னவன் நாய்க்குப் பயந்தால் அதட்டாதீர்கள். தூக்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இறந்துபோன மல்யுத்த வீராங்கனையின் தாய்