முதலில் கரைக்கு வருகிற படகு

12.8.2003, செவ்வாய், இரவு

காசிமேட்டில் இன்றும் எல்லாப் படகுகளோடும் சேர்ந்துதான் எங்கள் படகும் கரைக்கு வந்தது. ஏலத்தில் சங்கரா மீனை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. முதலில் வருகிற படகுக்குத்தான் நல்ல விலை. அதற்காகத்தான் போன வருடம் பெரிய இன்ஜின் போட்டேன். சில மாதம் நாங்கள்தான் முதலில் வந்தோம். பிறகு எல்லோரும் அதையே போட்டார்கள். இப்போது டீசல்தான் கூடுதலாகக் குடிக்கிறது. போடுகிற முதல் ஏறிக்கொண்டே போகிறது, அதில் நிற்கிற லாபம் தேய்ந்துகொண்டே போகிறது.

படகை ஓட்டுகிற மச்சான் சேகர் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான்.

"இத்தவிட பெரிய இன்ஜின் வந்துகீது மாமா. போட்டா நாமதான் ஃபர்ஸ்ட்டு."

"எத்தினி நாளிக்கிடா?"

"மத்தவனும் போடற வரிக்கும்."

"போடலன்னா?"

"கடைசியா வந்து நிப்போம். ஐஸ் காசுகூட தேறாது."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும், "மெக்கானிக்க கூட்டினு வா. எவனுக்கும் தெரிய வேணாம்" என்றேன்.

சேகர் தலையைச் சொறிந்தான். "அந்தாளாண்ட அல்லாரும் இப்டித்தான் சொல்லிகினு போறாங்களாம் மாமா."

அதைக் கேட்ட பிறகும், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.