மடைக்கல்லில் பதிந்த கை

ஏரி நிறைக, குடி தழைக்க. குவளைநாடு ஆளும் அரசி நிலவேந்தியார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் செம்பியத்தரையன் எழுத்து. தென்கோட்டத் தலைவர் மாவலியார் தம் சுற்றமும் படையும் நலமுற்றிருக்க வாழ்த்தி அறிவிப்பது.

நமக்கு முன் ஆண்டு மாண்ட கொடுங்கோலன் வச்சிரவேளின் கை பொறித்த கல்லை உம் கோட்டத்து ஆம்பலேரி மடையிலிருந்து பெயர்த்தெறியக் காவல்தலைவன் எயினனை அனுப்பியிருந்தோம். கல்லைத் தொடாமலே திரும்பி வந்தான்.

அவன் போனது மடை திறக்கும் நாள். உடைந்த கரையை மகராசன் தன் கையாலேயே அடைத்து ஊரைக் காத்தான் என்று பாடி, ஊரே கல்லுக்குச் சந்தனம் பூசியதாம். வச்சிரவேளிடம் கசையடி பட்டவர்களும் கூடவே பாடினார்களாம். முதல் சந்தனம் பூசும் உரிமை பூவாத்தாளுக்கு. அவள் மகன் கொற்றன் கரை உடைந்த மழையன்று அரசன் அருகில் நின்றவன் என்பதால் அந்த மரியாதை. எயினன் அரண்மனை ஆள் என்றறிந்ததும் அவள் ஓடிவந்து ஒரு பொட்டலத்தை நீட்டி, "எம்மவன் அங்க நல்லாத்தானே இருக்கான் சாமி? பொரியுருண்டைன்னா உசுர விடுவான். அவன் கையில குடுத்துருங்க" என்றாளாம்.

எயினன் அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டான். உயிருள்ள ஆளைப் புதைத்தால்தான் கரை நிற்கும் என்று வச்சிரவேள் சொல்ல, ஊரார் மேட்டில் ஒதுங்கியிருந்த அந்த மழையில், கொற்றனை உடைப்பில் தள்ளிய கை எயினனுடையது. சேதி சொல்லப் போனவன், தாயின் முகத்தைப் பார்த்ததும், அரசனே கை வைத்து அடைத்தான், அருகில் நின்ற உன் மகனை மெச்சி அரண்மனைக்கு அழைத்துப்போனான் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு ஓடிவந்தான். அந்தப் பொய்யைத்தான் ஊர் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறது. இத்தனை காலமும் அதைத் தன் இரக்கம் என்றே எண்ணியிருந்தான், பாவி.

இதையெல்லாம் நம்மிடம் சொல்லி அவன் அழுததைக் கண்டு முதலில் சினந்தோம். பிறகு, அந்த ஏரி நெல்லைத்தானே நாமும் உண்டு வளர்ந்தோம், கரை எப்படி நின்றதென்று ஒருநாளும் கேட்கவில்லையே என்று நெஞ்சு குறுகுறுத்தது.

ஆதலால் கல்லை எவரும் தொடவேண்டாம். எயினனை இவ்வோலையோடு அனுப்புகிறோம். சபை நடுவே அல்ல, பூவாத்தாள் வீட்டு வாசலில் நின்று நடந்ததை அவனே தன் வாயால் சொல்லட்டும். அவள் அடித்தால் தடுக்கவேண்டாம். துணைக்குப் பெண்கள் பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்க. கல் நிற்பதா போவதா என்பதும், அடுத்த மடைதிறப்பில் எவர் பெயரைப் பாடுவது என்பதும் அவள் வாக்குப்படி. இது நம் ஆணை.

ஓலைக்கு அரச முத்திரை இட்டோம். எயினன் மடியிலிருக்கும் பொட்டலத்துக்கு இடவில்லை. அதன் முடிச்சு அவள் போட்டபடியே இருக்கிறது.